அம்புஜம் வீட்டுத் தமிழ்

துடியலூர் அம்புஜத்தம்மாளுக்கு மூன்று மொழிகள் தெரியும். ஆங்கிலம் பேங்க் மேனேஜருக்கு. தமிழ் தெருவுக்கு, கீரைக்காரி, கேஸ் கொண்டுவருகிறவர், பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லோருக்கும் வாய் நிறைய 'ங்க' போட்ட தமிழ். செருப்பைக் கழற்றிவிட்டு உரிமையோடு உள்ளே வந்து சாப்பிட உட்காருகிறவர்களுக்கு மட்டும் தெலுங்கு. அவர்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வீட்டுப் பேச்சு அதுதான். யாருக்கு எந்த மொழி என்று அம்புஜம் ஒருநாளும் யோசித்ததில்லை. வாய் தானாகப் பார்த்துக்கொள்ளும்.

வீட்டுக்குள் தமிழ் கேட்டால் கணவர் மேல் கோபம் என்று அர்த்தம். 'சாப்பிட வாங்க' என்று தமிழில் அழைப்பு வந்துவிட்டால், மோட்டார் பட்டறையில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்கும் சென்னகிருஷ்ணன், இன்றைக்கு என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்துக்கொண்டே கை கழுவுவார்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் 1994ஆம் வருஷம் ஆடி மாதம் தமிழ் கற்றுக்கொள்ள அமெரிக்காவிலிருந்து ரூத் வந்து சேர்ந்தாள்.

அயல்நாட்டு மொழிகளையும் அந்த ஊர் நடப்புகளையும் படிக்கிற பிள்ளைகளுக்கு அங்கே பல்கலைக்கழகங்கள் உதவித்தொகை கொடுக்கின்றன. ரூத்துக்கு அது தமிழுக்காகக் கிடைத்திருந்தது. கோவை மில் தொழிலாளர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசை. ஆனால் ஒரு நிபந்தனை. தமிழ்க் குடும்பம் ஒன்றில் தங்கிப் பேச்சு பழகி, மார்கழியில் ஒரு வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். தேறினால் இரண்டாம் வருஷமும் தொகை வரும், ஆராய்ச்சியும் நடக்கும். தவறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரைப் பார்த்துப் போக வேண்டியதுதான்.

"நம்ம பையனை இங்கிலீசு படிக்க வைக்க நாம காசு குடுத்தோம். இந்தப் புள்ளைக்கு நம்ம பேச்சைப் படிக்க அவங்க காசு குடுக்கறாங்களா?" என்று சென்னகிருஷ்ணன் வாயைப் பிளந்தார்.

வீட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் நஞ்சுண்டன். அந்தத் திட்டத்துக்கு உள்ளூர்ப் பொறுப்பாளர் அவர்தான். தம்மிடம் அம்புஜம் எப்போதும் தேனாகத் தமிழ் பேசியதை நம்பித்தான் அனுப்பினார். அவர் வெளியாள் என்பதால்தான் தமிழ் கிடைத்தது என்பது பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

முதல் வாரம் ரூத்துக்கும் தமிழ்தான் கிடைத்தது. அப்புறம் அவள் அடுப்படியில் சம்மணம் போட்டுத் தேங்காய் துருவ ஆரம்பித்தாள். தலைவலி வந்த நாளில் அம்புஜத்துக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். அம்புஜத்தின் மனசு இளகியது. மனசு இளகியதும் வாய் தெலுங்குக்குத் தாவியது. தாவியது அவருக்கே தெரியாது. ரூத்தும் கண்டுகொள்ளவில்லை. எழுதுகிற தமிழ் வேறு, பேசுகிற தமிழ் வேறு, கோயமுத்தூரில் அது இன்னும் வேறாக இருக்கும், பயப்படாதே என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளும் பயப்படாமல் காதில் விழுந்ததையெல்லாம் கற்றுக்கொண்டாள். வெளியே போய்ச் சரிபார்க்கலாம் என்றால், வெள்ளைக்காரப் பெண்ணைக் கண்டதும் தெருவே தன் ஆங்கிலத்தைத் தூசி தட்டிக்கொண்டு ஓடி வந்தது.

புரட்டாசியில் நஞ்சுண்டன் பார்த்துப்போக வந்தார். ரூத் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்து, காலையில் என்ன சமைத்தோம், சாயங்காலம் எந்தக் கோயிலுக்குப் போகிறோம் என்று தடங்கலே இல்லாமல் கொட்டினாள். அவர் கையிலிருந்த காப்பி டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"அருமையாப் பேசறேம்மா. ஒரு குத்தமும் இல்ல. ஆனா இது தெலுங்கு."

ரூத் முகம் வெளுத்தது. "இது கோயமுத்தூர்ப் பேச்சுத் தமிழ் அல்லவா, ஐயா?" என்று புத்தகத் தமிழில் கேட்டாள்.

"சத்தியமாச் சொல்றேனுங்க, நான் தமிழ்லதான் பேசறேன்னு நெனச்சுட்டு இருந்தேன்," என்றார் அம்புஜம். சென்னகிருஷ்ணன் சிரித்தார். "நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?" என்று கணவர் பக்கம் திரும்பி அம்புஜம் சுத்தமான தமிழில் கேட்டார். சிரிப்பு நின்றது.

இனி வீட்டில் தமிழ்தான் என்று அம்புஜம் சபதம் செய்தார். பாசத்தைத் தமிழில் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. குளிச்சாச்சுங்களா, சாப்பிட்டாச்சுங்களா, வெயில் ஜாஸ்திங்க, அதோடு சரக்கு தீர்ந்துவிட்டது. தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதால்தான் அம்மா விலகிப் பேசுகிறார் என்று ரூத் கண் கலங்கினாள். அதைப் பார்த்த அம்புஜம் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு சமாதானம் சொன்னார், தெலுங்கில். சபதம் மத்தியானச் சாப்பாடு வரைகூடத் தாங்கவில்லை.

"இந்த வீட்ல இருந்தா பொண்ணு பெயிலுதான். பக்கத்துல தமிழ் பேசற வீடா ஒண்ணு பாருங்க," என்றார் நஞ்சுண்டன்.

இருந்தது. எதிர்வீடு. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த பொன்னாத்தாளின் வீடு. மகள் செவ்வந்தி ஹாஸ்டலுக்குப் போய்விட்டதால் ஓர் அறை காலியாகவும் கிடந்தது. தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ஊசி போட வருகிறவர் 'சிஸ்டர்' பொன்னாத்தாள்தான். அம்புஜத்துக்கும் அவருக்கும் வாசல் கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசாத நாளில்லை. ஆனால் பொன்னாத்தாளின் அப்பாவும் அம்மாவும் அம்புஜத்தின் மாமனார் தோட்டத்தில் கூலிக்கு இருந்தவர்கள். அதனால் அம்புஜம் அந்த வீட்டுப்படி ஏறியதில்லை. வரமாட்டேன் என்று சொன்னதும் இல்லை. மரியாதையான ஊர் அல்லவா, இதையெல்லாம் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை.

கேட்டருகே நின்றுதான் விஷயத்தைக் கேட்டார். பொன்னாத்தாள் சிரித்தார்.

"அதுக்கென்னுங்க, அனுப்பி வையுங்க. எங்கூட்டுச் சோத்தத்தான் திங்கோணும். உங்களுக்குப் பரவால்லீங்களா?"

"அய்யோ, என்னுங்க சிஸ்டர் இப்படிக் கேக்கறீங்க!" என்றார் அம்புஜம். ஆனாலும் சுருக்கென்றது. பெற்ற பிள்ளையை அனுப்புவதுபோல அழுதுகொண்டே ரூத்தின் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கேட்டோடு வைத்துவிட்டு வந்தார்.

பொன்னாத்தாளுக்கு ஆங்கிலம் பேசப் பொறுமையும் கிடையாது, நேரமும் கிடையாது. வார்டில் நடந்ததையெல்லாம் வந்து தமிழில் கொட்டுவார். புரியாவிட்டால் அதையே இன்னும் சத்தமாகச் சொல்வார். கார்த்திகை பிறப்பதற்குள் ரூத் பஸ் கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். தினம் சாயங்காலம் அம்புஜம் முறுக்கோ சீடையோ எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்க வருவார். "உள்ள வாங்க்கா," என்பார் பொன்னாத்தாள். "இருக்கட்டுங்க சிஸ்டர், அடுப்புல பால் வெச்சிருக்கேன்," என்று பதில் வரும். தினமும் அதே பால். அவ்வளவு பால் அந்த வீட்டில் வாங்குவதே இல்லை என்பது தெருவுக்கே தெரியும்.

மார்கழியில் தேர்வு நடந்தது. அன்று காலை அம்புஜம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். ரூத் தேறிவிட்டாள், இரண்டாம் வருஷத் தொகையும் உறுதி என்று நஞ்சுண்டன் போன் செய்ததும், கையைக்கூடத் துடைக்காமல் எதிர்வீட்டுக் கேட்டுக்கு ஓடினார். ரூத் வந்து கட்டிக்கொண்டாள். உள்ளே பொன்னாத்தாள் கேசரி கிண்டியிருந்தார்.

"உள்ள வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க்கா."

"இருக்கட்டுங்க சிஸ்டர், அடுப்புல பால்..."

"ஏனுங்கம்மா," என்றாள் ரூத், "நீங்க எதுக்குங்க இந்த ஊட்டுக்குள்ள வரவே மாட்டேங்கறீங்க?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்த மண்ணில் பிறந்தவர் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கும் அளவுக்கு இவளுக்குத் தமிழ் வந்துவிட்டது; கேட்கக்கூடாது என்பது மட்டும் இன்னும் வரவில்லை. பொன்னாத்தாள் வாசற்படியில் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். அவரும் பதிலுக்காகத்தான் நிற்கிறார் என்பது அம்புஜத்துக்குப் புரிந்தது. தெரிந்த மூன்று மொழியிலும் தேடிப் பார்த்தார். சொல்லக்கூடிய ஒரு பதிலும் இல்லை. வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் ஊசி போட்ட கைக்கு முன்னால் நிற்கவே வெட்கமாக இருந்தது.

கேட்டைத் தாண்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போனார். பொன்னாத்தாள் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார். அம்புஜம் அதில் உட்காரவில்லை. ரூத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தட்டு வந்தது. ஒரு வாய் தின்றார்.

"சக்கரை தூக்கலாப் போச்சுங்க சிஸ்டர்," என்றார்.

அத்தனை வருஷத்தில் பொன்னாத்தாளிடம் அவர் சொன்ன முதல் குறை அது.

"அப்படின்னா நாளைக்கு நீங்க வந்து கிண்டுங்க," என்றார் பொன்னாத்தாள்.

"வாரேனுங்க," என்றார் அம்புஜம்.