மூலவர் இல்லாத மலை

போனவர்கள் மூன்று பேர்: அக்கா, அவளுடைய நாலு வயது மகள், நான். வராதவர் அத்தான். அவர் சமையல் செய்கிற வீட்டில் அன்று விருந்து. "நீ படிச்சனி மச்சான், பாஷை தெரிஞ்சனி. நான் வந்து பஸ்ஸிலை நித்திரை கொள்ளுறதுதான்" என்று சொல்லி, தன் றேசருக்குப் புது பிளேட் போட்டு, ஒரு துவாயில் சுற்றி என் கையில் தந்தார். அங்கே இருந்திருக்க வேண்டிய இன்னொருவரும் அன்று அங்கே இல்லை. அது மேலே போன பிறகுதான் தெரிந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரைக்கும் முடித்த முதல் ஆள் நான். பலெர்மோவில், சீசா என்கிற பகுதியில் நாங்கள் இருந்த இரண்டு அறை வீட்டில், மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்கிறதும் விசா அலுவலுக்குக் கெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில், பொலிஸ்காரனோடு கதைக்கிறதும் என் வேலை. டாக்குத்தர் சொன்னதை அக்காவுக்குச் சொன்னதும் நான்தான். பிள்ளையின் இதயத்தில் ஓட்டை. வளரும்போது மூடிவிடும் என்று பார்த்திருந்தார்கள். மூடவில்லை. வருகிற கிழமை ஒப்பரேஷன். தாயும் தகப்பனும் கையெழுத்து வைக்க வேண்டும். அத்தான் வைத்துவிட்டார். அக்கா வைக்கவில்லை.

"முடி குடுக்காமல் வைக்கமாட்டன்" என்றாள்.

வசந்த காலத்தில் பிள்ளைக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாய் தன் ஊர் மாதாவின் சின்னப் படம் ஒன்றைக் கொடுத்திருந்தாள். நாங்கள் சைவக்காரர். ஆனால் அக்காவுக்கு அந்தப் படத்தில் மாதாவுக்குப் பின்னால் மலை தெரிந்தது போதும். "மலையிலை இருக்கிறவ எண்டால் முருகன் மாதிரித்தான்" என்று, பிள்ளை எழும்பினால் அவ முன்னாலேயே மொட்டை அடிக்கிறதாக நேர்ந்துவிட்டாள். பிள்ளை எழும்பியது. நேர்த்தி நின்றது.

அக்கா லிபெர்த்தாத் தெருவில் ஒரு வீட்டில் கிழவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை பின்னேரம் அவளுக்கு ஓய்வு. அன்று வீட்டுக்காரி சின்யோராவிடம் கெஞ்சி மத்தியானத்துக்கு முன்னரே வெளிக்கிட்டாள். இரவு எட்டு மணிக்குத் திரும்பி நிற்க வேண்டும், சின்யோராவும் புருஷனும் எங்கேயோ போகிறார்கள், கிழவியைத் தனியே விட ஏலாது.

பஸ் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. நாங்கள் கோயிலுக்குப் போகிறோம் என்று கேட்டதும் ட்ரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். "மடோனா இப்போது அங்கே இல்லை. வெளியே போயிருக்கிறா" என்றான்.

மாதா வெளியே போயிருக்கிறாவாம் என்று அக்காவுக்குச் சொன்னேன். அவள் அசையவில்லை. "வெளிக்கிட்டது எழுந்தருளியாய் இருக்கும். மூலவர் எங்கை போறது?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஊர்வலம் போகிற சாமி போகும். கருவறையில் இருக்கிற சாமி இருக்கும். இதில் கேட்க என்ன இருக்கிறது?

இரண்டு மணிக்கு இறங்கினோம். அப்படி ஒரு அமைதியை நான் இத்தாலியில் கண்டதில்லை. பல்லரோச் சந்தையில் மீன்காரர்கள் கத்துகிற கத்தலிலேயே காது பழகியிருந்தது. இங்கே எல்லாக் கதவும் சாத்தியிருந்தது, கடைகளின் தகரம் இறங்கியிருந்தது. எங்கேயோ ஒரு வீட்டுக்குள் கோப்பை கழுவுகிற சத்தம். தெருவெல்லாம் கல், அந்தக் கல்லில் பிள்ளையின் பீப்பீச் சப்பாத்து ஒவ்வொரு அடிக்கும் கூவியது. ஒரு ஜன்னல் திறந்தது, எங்களைப் பார்த்தது, மூடிக்கொண்டது.

"சப்பாத்தைக் கழட்டடா, வெக்கமாய் இருக்கு" என்றாள் அக்கா. கழற்றினேன். கல் சுடுகிறதென்று பிள்ளை அழுதது. திரும்பப் போட்டேன். பிறகு தோளில் தூக்கிக்கொண்டேன். ஏற்றத்தில் அவளை நடக்க விடக்கூடாது என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார்.

கோயில் ஊருக்கும் மேலே. திறப்பு வைத்திருந்த மனுஷி பக்கத்து வீட்டில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முணுமுணுத்தபடி வந்து திறந்தாள். உள்ளே குளிர்ச்சி. சுவரில் வெள்ளியில் செய்த கைகள், கண்கள், இதயங்கள். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பெண்களின் பின்னல்கள், அடியோடு வெட்டி ரிப்பன் கட்டித் தொங்கின.

"பாத்தியோ! இவையளும் முடி குடுக்கிறவை" என்று அக்கா என் கையைப் பிடித்தாள். அன்று முழுக்க அவள் சிரித்தது அந்த ஒருதரம்தான்.

பீடத்துக்கு மேலே ஒரு மாடம். சுற்றிவர மின்சாரக் குமிழ்கள் எரிந்தன. நடுவில் ஒன்றுமில்லை. சுவர் மட்டும்.

"மூலவர் எங்கை எண்டு கேள்."

மூலவரை எந்த இத்தாலியச் சொல்லில் கேட்பது? பெரியவ எங்கே, எப்போதும் இருக்கிறவ எங்கே என்றெல்லாம் கேட்டுப் பார்த்தேன். மனுஷி இடுப்பில் கை வைத்தாள். "எத்தனை மடோனா வேணும் உங்களுக்கு? இருக்கிறது ஒன்று. செப்டெம்பரில் மற்ற ஊர்களுக்குப் போவா. இப்போது அந்தா, அங்கே." கதவுக்கு வெளியே பள்ளத்தாக்குக்கு அப்பால் இன்னொரு மலையில் கொஞ்சம் வீடுகள் தெரிந்தன. பஸ்? இல்லை. ஊரைச் சுற்றித்தான் பாதை.

அக்கா படியில் இருந்துவிட்டாள். வெறும் மாடத்துக்கு முன்னால் முடியை இறக்குவோம், அவவுக்குத் தெரியாமலா போகும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஆளில்லாத வீட்டு வாசலிலை சாமானை வைச்சிட்டு வாறதோ?"

"அப்ப கையெழுத்து?"

"வைக்கமாட்டன்."

"எட்டு மணிக்கு நிக்கவேணும் அக்கா. ஐஞ்சு மணி பஸ்தான் கடைசி."

அக்காவுக்கு மாதாவைக் கொண்டுவரவும் எனக்கு முடியாது, மாதாவிடம் அக்காவைக் கொண்டுபோகவும் முடியாது. சதுக்கத்துக்கு இறங்கி வந்தோம். ஐந்து மணிக்கு பஸ் வந்தது. நான் ஒரு கால் படியில் வைத்துத் திரும்பிப் பார்த்தேன். அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மதிலில் இருந்தாள். காலை எடுத்தேன். பஸ் போய்விட்டது.

கஃபேக்காரன் ஒரு ஆளைக் கூப்பிட்டான். காரில் அந்த ஊருக்கும், அங்கிருந்து பலெர்மோவுக்கும் ஒன்றரை இலட்சம் லீரா என்றான் அந்த ஆள். அக்கா என்னைக் கேட்காமல் முன்னுக்கே ஏறி இருந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சரிந்திருந்தது. ஒடுங்கிய தெருவில் பாண்ட் வாசித்துக்கொண்டு மாதா வந்துகொண்டிருந்தா. தூக்கினவர்கள் ஒரு மூலையில் இறக்கித் தோள் மாற்றினார்கள். அக்கா சனத்தைப் பிளந்துகொண்டு போய் அவவுக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். "பிடி தலையை" என்றாள். போத்தல் தண்ணியைத் தலையில் ஊற்றி றேசரை வைத்தாள்.

போதும், போதும் என்று பிள்ளை இத்தாலிய பாஷையில் குளறியது. "பாஸ்தா, அம்மா, பாஸ்தா!"

பாண்ட் நின்றது. ஒருத்தி, தலையில் பேன் என்றாள். இன்னொருத்தி, பிள்ளையை வெட்டுகிறார்கள் என்று கத்தினாள். தூக்குகிறவர்களின் தலைவன் வேர்வையோடு என்னிடம் வந்தான். "வாக்குக் கொடுத்தது. மடோனாவுக்கு. இதயம், ஒப்பரேஷன்" என்றேன். படித்த இத்தாலிய பாஷை எல்லாம் போய் அந்த நாலு சொல்தான் வாயில் நின்றது. அவன் பிள்ளையைப் பார்த்தான், பிறகு வானத்தைப் பார்த்தான். "கெதியாய்" என்றான்.

ஆனால் குளறுகிற பிள்ளையின் தலையில் றேசர் மெல்ல மெல்லத்தான் போனது. பாதி இறங்கியிருக்கும், மணி அடித்தது. அவர்கள் குனிந்து தூக்கினார்கள். மாதா எங்கள் தலைக்கு மேலாலே போய்விட்டா.

காரில் அக்கா கேட்டாள்: "பாதி போதுமோ?"

நான் றேசரைத் துடைத்துத் துவாயில் சுற்றினேன்.

"நீ படிச்சனி, சொல்லடா."

"தெரியேல்லை அக்கா."

பிள்ளை ஒரு பக்கம் மொட்டையும் ஒரு பக்கம் சுருள் முடியுமாக அவள் மடியில் நித்திரையாகிவிட்டது. ட்ரைவர் கண்ணாடியில் பார்ப்பதும் சிலுவை போடுவதுமாக வந்தான். கடல் தெரிகிற வளைவில் அக்கா தானாகவே சொன்னாள்: "மிச்சம் சுகமாக்கின பிறகு. அவவுக்கும் ஒரு பொறுப்பு இருக்கட்டும்."

அடுத்த நாள் கையெழுத்து வைத்தாள். மற்றப் பாதியைத் தொட ஒருவரையும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் தாதிமார் கூடிக் கூடி வந்து பார்த்தார்கள். ஒப்பரேஷன் நடந்த நேரம் முழுக்க அத்தானும் நானும் அறைக்கு வெளியே ஓடையில் எதிரெதிராக நின்றோம். அந்த மூடிய கதவில் எழுதியிருந்த எல்லாவற்றையும் என்னால் வாசிக்க முடிந்தது. அதற்கு மேல் ஒன்றும் முடியவில்லை.

லிபெர்த்தா வேலை அந்த வியாழக்கிழமையோடு போனது. நாங்கள் போய்ச் சேர ஒன்பதரை. சின்யோரா வெளியே போகிற உடுப்போடு கதவைத் திறந்து, அக்காவின் பையை வெளியே வைத்தாள். வேறு வேலை கிடைக்க இரண்டு மாதம் சென்றது.

அடுத்த செப்டெம்பரில், மாதா வீட்டில் நிற்கிறாவா என்று முதலிலேயே டெலிபோனில் கேட்டுக்கொண்டு, மிச்சப் பாதியைக் கொடுக்கப் போனோம். அந்தமுறை அத்தானும் வந்தார், சொன்ன மாதிரியே பஸ்ஸில் நித்திரை கொண்டார். பிள்ளை ஏற்றம் முழுக்கத் தன் காலால் நடந்தாள்.

இரண்டு தரமும் பஸ், ஒரு தரம் கார், அக்காவின் இரண்டு மாதச் சம்பளம் எல்லாம் சேர்த்து அந்த நேர்த்திக்குப் போனது பதினெட்டு இலட்சத்துப் பத்தாயிரம் லீரா.