வறண்ட கண்ணோடு ஓர் உபதேசியார்

உபதேசியார் வேலையில் குடை கிழிந்தால் வேறு குடை வாங்கிக்கொள்ளலாம். நெஞ்சில் இருக்கிற அனல் அணைந்துபோனால் அதை விற்கிற கடை மாத்தளைக் கடைவீதியில் ஒன்றுகூடக் கிடையாது. தேடிப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ரத்தோட்டைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களில் இருபத்தைந்து வருடம் தொழிலாளர் குடியிருக்கிற லயம் லயமாக ஏறி இறங்கி வேதம் சொல்லிப் பிழைத்தவன் நான். "உள்ளம் பற்றி எரியட்டும்" என்று ஊருக்குப் பிரசங்கம் பண்ணிவிட்டு, வீட்டுக்கு வந்து தன் உள்ளத்தைத் தொட்டுப் பார்த்து, அது ஆறிப்போன அடுப்பாகக் கிடப்பதைக் கண்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். மற்றவர்களுக்கு இது புரியாது.

துணிக்கடை நானா

எனக்கும் ஒரு காலத்தில் அனல் இருந்தது. பத்தொன்பது வயதில் மாத்தளையில் ஒரு கொக்கோ ஸ்டோரில் கொட்டை காயப்போடுகிற வேலை. ஒரு பிற்பகல், மழைக்கு ஒதுங்கலாம் என்று ஜெபக் கூட்டம் நடந்த கொட்டகைக்குள் போனேன். போனவன் மழை விட்டும் வெளியே வரவில்லை. சட்டை நனைய நனைய அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. என்னை ஒருவர் தேடிக்கொண்டிருந்தார், இப்போது கண்டுபிடித்துவிட்டார், அவ்வளவுதான் தெரியும்.

மறுநாளிலிருந்து என் தொல்லை ஊருக்குத் தாங்கவில்லை. திருகோணமலை வீதியில் போகிற மாட்டுவண்டிக்காரர்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். முடி வெட்டப் போன இடத்தில் சொன்னேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்; கடைசியில் காசிம் நானாவின் துணிக்கடைக்குள் நுழைந்து, நின்ற நிலையில் ஒரு மணி நேரம் சொன்னேன். அவர் இடைமறிக்கவே இல்லை. வந்த வாடிக்கையாளரைக்கூடக் கையமர்த்தி உட்காரவைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். பிறகு பால் விடாத பிளேன்டீ வரவழைத்துக் கையில் கொடுத்துச் சொன்னார்: "தம்பி, எனக்கு என் மார்க்கம் போதும். ஆனா உங்ககிட்ட ஒரு சூடு இருக்கே, அத அல்லாஹ் எல்லாருக்கும் குடுக்கிறதில்ல. பத்திரமா வச்சுக்கங்க."

வெங்காயம்

நான் பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. உபதேசியாராகச் சேர்ந்து மூன்றாம் வருடம் ஒரு திங்கட்கிழமை காலை எழுந்தேன், அது இல்லை. பெரிய பாவம் ஒன்றும் செய்யவில்லை. சாவு இல்லை, நோய் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. முழங்காலில் நின்றால் முழங்கால் வலித்தது. ஜெபித்தால் சொற்கள் தகரக் கூரைவரை போய்த் திரும்பி வந்தன. வரும், இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று வருடங்கள் போயின. ஊரைவிட்டுப் போன ஆளின் கடிதத்துக்குக் காத்திருப்பவர்களுக்குத்தான் அந்தக் காத்திருப்புத் தெரியும். நான் அதற்காக ஏங்கினேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

எங்கள் சபைக் குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர், அவர் பேசினால் கல்லும் கரையும். மாதக் கூட்டத்தில் எல்லா உபதேசியார்களையும் நிறுத்தி ஆளுக்கொரு குட்டிப் பிரசங்கம் செய்யச் சொல்வார். என் முறை வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். தியானம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் தனியே கூப்பிட்டு, "உம்முடைய வார்த்தைகள் சரியாக இருக்கின்றன, உபதேசியாரே. கண்ணீர்தான் இல்லை. ஜனங்கள் கண்ணீரைப் பார்த்துத்தான் விசுவாசிப்பார்கள்" என்றார். வீட்டுக்கு வந்து என் மனைவி எஸ்தரிடம் ஆற்றாமையோடு சொன்னேன். அவள் அரிவாள்மனையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. கையில் இருந்ததை என் பக்கம் நீட்டினாள். "இந்தாங்க, சின்ன வெங்காயம். வேதப் புத்தகத்துக்குள்ள ஒண்ணு வச்சுக்கங்க. ஐயரும் சந்தோசப்படுவாரு, எனக்கும் உரிக்கிற வேலை மிச்சம்."

அடுத்த வீட்டுச் சாமிக்கு

மேமலைத் தோட்டம் என் பொறுப்பில் இருந்தவற்றில் கடைசி. மேலே ஏறினால் மேகந்தான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை போவேன். கொழுந்து நிறுக்கிற மடுவந்தான் கோவில். சபை என்று பார்த்தால் தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டக்டரின் குடும்பமும், மழைக்கு ஒதுங்கின நாலு பேரும், இரண்டு நாயும்.

ஒரு மாசி மாத ஞாயிறு. முதல் நாள் இரவுதான் அங்கே காமன் கூத்தில் காமனை எரித்திருந்தார்கள். மலைநாட்டுக்காரர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கிறார், மன்மதன் எரிகிறான், ரதி அழுகிறாள். நான் போனபோது வெயில் ஏறிவிட்டது. காமன் பொட்டலில் சாம்பல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. ரதி வெள்ளைச் சேலையில் சாம்பலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். ரதி என்றால் அங்கமுத்து. கவ்வாத்து வெட்டுகிற, அதாவது தேயிலைச் செடியைக் கழித்துவிடுகிற, ஆண்பிள்ளை. முழங்கையெல்லாம் தேயிலை வாது கிழித்த தழும்பு. ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் தழும்பு கண்ணுக்குத் தெரியாது. எரிந்துபோனவனை "எந்தத் திசையில் தேடுவேன்" என்று கேட்டு அழுதது அந்தக் குரல். சுற்றி நின்ற பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விம்மினார்கள்.

நானும் அங்கேயே நின்றுவிட்டேன். எத்தனை வருடத்துக்குப் பிறகு! உள்ளே ஏதோ அசைந்தது, கண் ஓரம் ஈரமானது. இதோ வந்துவிட்டது என்று துடித்துப்போனேன். அந்த நேரம் பார்த்து ரதி பாட்டை நிறுத்தி, முக்காட்டை விலக்கி, மீசை மழித்த முகத்தோடு என்னைப் பார்த்தார். "என்னங்க உபதேசியாரய்யா, உங்க சாமிக்கு அழுவாம எங்க சாமிக்கு அழுவுறீங்க? உங்க சாமி கோவிச்சுக்காதுங்களா?" கண் உடனே காய்ந்துவிட்டது.

பாடு

ஒரு மாதம் கழித்துப் பாடுகளின் வாரம் வந்தது. முந்தின ஞாயிறு, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில், தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்துக்கு மேலே கத்தி அறிவித்தேன்: "வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மடுவத்துல ஆண்டவரோட பாடு! எல்லாரும் வாங்க!" தோட்டத் துரை அன்றைக்கு லீவு கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை மடுவத்துக்குப் போனால் எனக்குத் தலை சுற்றியது. முப்பது பேர். முன்னால் அங்கமுத்து, பின்னால் தப்பு மேளம் இரண்டு, சல்லாரித் தாளம் ஒரு சோடி. பாடு என்றதைப் பாட்டு என்று கேட்டுவிட்டார்கள். காமன் கூத்துச் செட்டு முழுக்க வந்து, எங்கே உட்கார்ந்து பாட என்று கேட்டது. கண்டக்டர் என்னை முறைத்தார்.

பாட்டு இல்லை, பாடு. ஆண்டவர் பட்ட அடியும் சுமந்த பாரமும் என்று விளக்கினேன். அங்கமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "எங்க பாடு மாதிரிங்களா? அது தெரியாம மேளத்தத் தூக்கிட்டு வந்திட்டமே!" மேளம் சுவரோரம் போனது, ஆட்கள் போகவில்லை. நானும் கதையைச் சொன்னேன், சரியான வார்த்தைகளில், வழக்கமான வறட்சியில். முடித்ததும் அவர் கேட்டார்: "அவரு செத்தப்ப ஒப்பாரி வைக்க யாரும் இல்லீங்களா?" தாய் நின்றாள் என்றேன். "என்ன சொல்லி அழுதுச்சு?" புத்தகத்தில் இல்லை என்றேன். "பெத்தவ சும்மாவா நின்னிருப்பா?" என்று அவர் கண்ணை மூடினார்.

பிறகு பாடினார். ரதியின் மெட்டுத்தான். மேளம் இல்லை. பத்து மாதம் சுமந்த வயிற்றையும், ஆணி அடித்த கையையும், அந்தக் கை சின்னதாக இருந்தபோது பிடித்த விரலையும் சொல்லிச் சொல்லி அழுதார். மடுவம் முழுக்க அழுதது. முறைத்துக்கொண்டிருந்த கண்டக்டர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் மட்டும் மேசைக்குப் பின்னால் மரமாக நின்றேன். என் ஆண்டவருக்காக ஊரே அழுகிறது, எனக்கு வரவில்லை. அந்த வெட்கத்தை யாருக்கும் கொடுக்காதே தேவனே என்றுதான் அன்றைக்கு ஜெபிக்க முடிந்தது. கலைந்து போகும்போது அங்கமுத்து என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்து, மெதுவாக, நோயாளியை விசாரிப்பதுபோலக் கேட்டார்: "உங்களுக்கு வரலீங்களா?"

அழுகிற வித்தை

அதற்குப் பிறகு அவர் ஒரு ஞாயிறும் தவறவில்லை. கூட்டம் முடிந்து நான் இறங்கும்போது பாலம்வரை கூடவே வருவார். ஒரு பிற்பகல் பாலத்தடியில் காலைக் கல்லில் வைத்து, அட்டை கடித்த இடங்களில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தோம். வெட்கத்தைவிட்டுக் கேட்டேன்: "அண்ணே, அந்த அழுகை எப்படி வருது?" அவர் சுண்ணாம்பை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "எம் பொஞ்சாதி பேச்சி செத்து ஆறு வருசங்க. காய்ச்சல். சும்மா நெனச்சாக் கண்ணுல தண்ணி வராது. வேலை, சாப்பாடுன்னு போயிரும். ரதி சேலையக் கட்டி ஒக்காந்தாத்தான் அவளுக்காக அழ முடியுது. அதுக்காகத்தான் வருசா வருசம் கட்டுறேன். அன்னைக்கு மடுவத்துலயும் அவளத்தான் நெனச்சேன்."

நானும் மறைக்கவில்லை. யாரிடமும், எஸ்தரிடங்கூட முழுதாகச் சொல்லாததை அவரிடம் சொன்னேன். ஒரு காலத்தில் வந்தது; போய் இருபது வருடமாயிற்று; திரும்ப வேண்டும் என்று கேட்காத நாள் இல்லை; வரவில்லை. அவர் கல்லிலிருந்து காலை இறக்கினார். அப்புறம் கேட்டார்; குத்தலாக அல்ல, தெரிந்துகொள்ளத்தான். "அப்ப எதுக்குங்க வாறீங்க?"

ஐயரின் விசாரணை

அடுத்த தை மாதம் ஐயர் மேமலைக்கு வந்தார். வருகிற வழியிலேயே என்னிடம் சொல்லிவிட்டார்: இந்தத் தோட்டத்தில் உயிர் இல்லை, என்னை இறக்கிவிட்டு அனலுள்ள இளைஞர் ஒருவரை அனுப்பலாம் என்று யோசனை. எனக்குக் கோபம் வரவில்லை. அது சரி என்றுதான் பட்டது. இந்த மலையிலிருந்து இறங்கிவிட்டால் அப்புறம் அந்த அனல் வந்தாலும் எங்கே வந்து என்னைத் தேடும் என்கிற பயம் மட்டும் இருந்தது.

ஞானஸ்நானம் கேட்டு நின்றவர் ஒருவர்தான்: அங்கமுத்து. ஐயர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, "ரதி வேஷத்தை விட்டுவிடுவாயா?" என்றார். அந்தக் கேள்வியின் விலை என்ன என்று அந்த மடுவத்தில் எனக்கு மட்டுந்தான் தெரியும். முடியாது என்று சொல்லிவிடுங்கள் அண்ணே என்று வாய்வரை வந்தது. அங்கமுத்து தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். "விட்டுர்றேங்க. சேலைய அக்கா மகன்கிட்ட குடுத்தாச்சு" என்றார். கடைசி வார்த்தையில் குரல் இடறியது. வருகிற மாசியில் பேச்சிக்கு அழ அவருக்கு இடமில்லை.

ஐயரும் மனிதர்தானே, அவர் குரலும் தணிந்தது. "அவ்வளவு உருக்கமாக அழுகிறவனாம் நீ. கண்டக்டர் சொன்னார். உபதேசியாரின் பிரசங்கத்தில் எந்த வார்த்தை உன்னைத் தொட்டது?" அங்கமுத்து என்னை ஒருமுறை பார்த்தார், மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதுபோல. "அவரு பேசுனா எனக்குத் தூக்கம் வந்துருங்க" என்றார். ஐயர் நிமிர்ந்தார். நான் தரையைப் பார்த்தேன். அங்கமுத்து விடாமல் தொடர்ந்தார். "மழைன்னாலும் வாறாரு. நாங்க கேக்கலேன்னாலும் வாறாரு. எனக்கு அழுகை வருதுங்க சாமி, வந்திட்டுப் போயிருது. இவருக்கு அழுகை வரவும் இல்ல, இவரு போகவும் இல்ல. இந்த ஆள யாரு அனுப்புனாங்களோ, அவங்ககிட்ட என்னையும் சேத்துவிடுங்க."

ஐயர் என்னை அந்த மலையிலேயே விட்டுவைத்தார். அனல் மட்டும் இன்றுவரை திரும்பவில்லை, ஆனால் என்றைக்காவது அது மனம்மாறித் தேடி வந்தால், போன இடத்தில் உபதேசியார் இல்லை என்று மட்டும் அது சாக்குச் சொல்ல முடியாது.