மாவு பிசையும்போது சொல்லும் பெயர்கள்

புனே வாகட்டில் எங்கள் வீட்டு ஓவனிலிருந்து வாசனை கிளம்பினால் போதும், எதிர்வீட்டு மராத்தி அத்தை ஷோபா காகு கதவைத் தட்டி, "ஆஜ் கிஸ்கா பர்த்டே ஹை?" என்று கேட்டுவிடுவார். ஓவன் சூடானால் கேக், கேக் என்றால் யாருக்கோ பிறந்தநாள், அவருக்கு அவ்வளவுதான். நாளைக்குக் கோயிலில் திருவிருந்து, அதற்கான அப்பம் இது, ஜெபித்துக் கொடுக்கும்வரை யாருக்கும் தர முடியாது என்று என் ஓட்டை இந்தியில் முதல்முறை விளக்கியபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. அவரோ, நைவேத்தியத்தை யாராவது முன்னாலேயே ருசி பார்ப்பார்களா என்று என்னையே கடிந்துகொண்டார். அடுத்த மாதமும் வந்து அதே கேள்வியைக் கேட்டார்.

பாளையங்கோட்டையில் நான் இதையெல்லாம் யோசித்ததே இல்லை. போதகர் கையில் வைக்கும் மெல்லிய வெள்ளை வில்லையை யார் செய்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? பாக்கெட்டில் வரும். இங்கே கசார்வாடியில், மராத்திக்காரர்கள் ஆராதனை முடித்துப் போன பிறகு அதே கோயிலில் கூடுகிற சின்னத் தமிழ்ச் சபை எங்களுடையது. உபதேசியார் முக்குக் கடையில் பாவ் வாங்கி வந்து நறுக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. வடாபாவுக்கு வாங்கும் ரொட்டியையா ஆண்டவரின் பந்தியில் வைப்பது என்று சண்டைக்குப் போனேன். மனுஷன் சிரித்துக்கொண்டே, அப்படியானால் நீங்களே சுட்டுக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார். என் வாய்க்கொழுப்புக்கு நன்றாக வேண்டும். நான் சுட்ட முதல் அப்பத்தைச் சபையார் இரண்டு பாட்டு முடியும்வரை மென்றார்கள்.

பிறகு கை பழகிவிட்டது. மாவு பிசையும்போது போன் கிடையாது, பாட்டு கிடையாது. சபையின் ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி ஜெபிப்பேன். கடைசியில் ஜெபா. மூன்று நாள் மட்டும் இருந்த என் மகள். ஆஸ்பத்திரியிலேயே ஞானஸ்நானம் கொடுத்து, கோயிலுக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். அவள் பெயர் வந்ததும் என் கை நின்றுவிடும். பிசையும் சத்தம் நின்றால், ஹாலில் என் கணவர் ஸ்டீபன் டிவி சத்தத்தைக் கூட்டுவார். அவளை அடக்கம் செய்த நாளிலிருந்து அவர் திருவிருந்து எடுக்கவில்லை. கோயிலுக்கு வருவார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒரு தடவையாவது இவர் கை நீட்டிவிட மாட்டாரா என்றுதான் நான்கு வருஷமாகச் சுட்டேன். அவரிடம் சொன்னதில்லை.

இப்போது அவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல். அடுத்த வாரம் கிளம்புகிறோம். ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் உங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். ஒருவழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்கிறீர்களே என்கிறீர்கள். பிள்ளையை இங்கே விட்டுவிட்டு எங்கே வந்து சேர்வது? சனிக்கிழமை கடைசி அப்பத்தைச் சுட்டபோது காகு வழக்கம்போல வந்து கேட்டார். எப்போதும் யாருக்கும் இல்லை என்பவள், அன்று "மேரி பேட்டி கா" என்றேன். பொய்தான், அவள் பிறந்தது ஆடி மழையில். ஆனாலும் வாயில் அதுதான் வந்தது. மகள் எங்கே என்று சிரித்தபடி காகு உள்ளே எட்டிப் பார்த்தார். சொன்னேன். வாசற்படியிலேயே உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஹாலில் டிவி அணைந்தது.

மறுநாள் ஸ்டீபன் எழுந்து முன்னால் வந்தார். முழங்காலிட்டு, கை நீட்டி அப்பத்தை வாங்கினார். வாயில் போடவில்லை. விரல்களை மூடிக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே போனார். எனக்குப் பதறியது, அதை அப்படி வெளியே கொண்டுபோகக் கூடாது. பாவுக்கே சண்டை போட்டவள் நான். ஆனால் தடுக்காமல் பின்னாலேயே போனேன்.

கல்லறைத் தோட்டத்தில், ஒரு முழ நீளச் சிமெண்டு மேட்டின் அருகே அவர் உட்கார்ந்திருந்தார்.

"அவளுக்கும் ஒரு பங்கு உண்டும்லா?" என்று கேட்டார்.

உண்டு என்றேன். அப்பத்தை மூன்றாகப் பிட்டார். எனக்கொன்று, அவருக்கொன்று, மூன்றாவதை மண்ணில் வைத்தார். இருவரும் மென்றோம். உள்ளே பாட்டு முடிந்து, சபையார் வண்டிகளை எடுக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் எழுந்திருக்கவில்லை. எறும்புகள் வந்து அந்தத் துணுக்கை இழுக்கத் தொடங்கின. அவற்றைத் தட்டிவிடக் கையை ஓங்கினார்.

"விடுங்க," என்றேன். "அவ ஊரு எறும்புலா."