என் வாக்குமூலத்தில் அவள் ஓடினாள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு பல்கனியில் நின்றால் காலி வீதி என்ற நெடுஞ்சாலைக்கு அப்பால் மகளின் பள்ளிக்கூடக் கூரை தெரியும். கூப்பிடு தூரம். அந்தத் தூரத்துக்கு மூன்று வருடமாக நாங்கள் ஓட்டோவில் போய்வந்தோம். ஓட்டோ தெற்கே போய், வளைந்து திரும்பி, மறுபக்கத்தில் எங்களை இறக்கிவிடும். காலை நெரிசலில் இருபது நிமிடம். புதிய சாரதி யாராவது அகப்பட்டால், "மஹத்தயா, அர பேன்னே இஸ்கோலே" என்பார். ஐயா, அந்தா தெரிகிறதே பள்ளிக்கூடம் என்று சிங்களத்தில். தெரிகிறது, ஓட்டுங்கள் என்பேன்.

காரணம், மகள் வீதியைக் கடக்க மாட்டாள். ஏழு வயதில், ஆட்கள் வீதி கடக்கிற மஞ்சள் கோட்டில் வைத்து ஒரு மோட்டார் சைக்கிள் அவளை அடித்தது. தொடை எலும்பு முறிந்தது, தலை அடிபட்டது. பதினேழு நாள் ஆஸ்பத்திரி. தொடைக்குள் வைத்த கம்பியைப் பிறகு எடுத்துவிட்டார்கள். இப்போது பத்து வயது. மூன்று மாடி ஏறினால் கால் நோகும், அரை மணிக்கு மேல் வாசித்தால் தலையிடி வரும். அதற்கெல்லாம் மருந்தும் பயிற்சியும் இருந்தன. வீதிக்கு இல்லை.

விபத்து நடந்த நேரம் அவள் நினைவில் இல்லை. ஐஸ்கிரீம் கேட்டது ஞாபகம், பிறகு ஆஸ்பத்திரி மின்விசிறி. நடுவில் இருப்பதை நாங்கள் சொல்லித்தான் அவள் அறிந்தாள். நாங்கள் என்றால் நான்.

நான் சொன்னது இது: பிள்ளை கையை உதறிவிட்டு ஓடினாள். பொலிஸ்காரர் கேட்டபோது வாயில் முதலில் வந்தது அதுதான். இரண்டாம் தடவை மனைவிக்குச் சொன்னேன். பிள்ளை கண் திறப்பாளோ என்று தெரியாத நாட்கள். மனைவியின் முகத்தைப் பார்த்து வேறு எதையும் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பிறகு பிள்ளையைப் பார்க்க அப்பிளும் மால்ட் மாவும் கொண்டு வந்த அத்தனை பேருக்கும் சொன்னேன். இரத்மலானையில் இருந்து வந்த என் அக்கா கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு, "ஏன் ராசாத்தி ஓடினனீ? அப்பான்ர கையை விடலாமோ?" என்று கேட்டாள். இடுப்புவரை கட்டுப் போட்டிருந்த பிள்ளை, "இனி ஓட மாட்டன் மாமி" என்றது. நான் அப்பிள் வெட்டிக்கொண்டிருந்தேன்.

என் தொழிலையும் இங்கே சொல்லிவிட வேண்டும். காப்புறுதி நிறுவனம் ஒன்றில் விபத்துக் கோரிக்கைகளைப் பார்ப்பவன். வாக்குமூலங்களை வாசித்து, எந்த இடத்தில் ஆள் பொய் சொல்கிறான் என்று பென்சிலால் கோடு போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கெட்டிக்காரன் என்று அங்கே பெயர்.

பொரளை ஆஸ்பத்திரியில் அவளைக் காட்டும் கிளினிக்கில் இந்த வருடம் ஒரு புதிய டொக்டர். இளம் பெண், சுற்றி வளைக்காமல் கதைப்பவர். விபத்துக்குப் பிறகு பிள்ளையின் சீவியம் எப்படிப் போகிறது என்று அறிய இரண்டு தாள் தந்தார், ஒன்று பிள்ளைக்கு, ஒன்று பெற்றோருக்கு. நித்திரை வருகிறதா, விளையாட முடிகிறதா, மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ணுகிறார்களா. நான் ஐந்து நிமிடத்தில் முடித்தேன். எல்லாவற்றுக்கும் 'சில வேளைகளில்'. மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் எழுதினாள்.

வேறு ஏதாவது சொல்ல விருப்பமா என்பது கடைசிக் கேள்வி. மகளிடம் கேட்டுவிட்டு, அவள் அதற்கு எழுதியிருந்ததை டொக்டர் எனக்கு வாசித்துக் காட்டினார். "ரோட்டைப் பார்த்துப் பயமில்லை. என்னைப் பார்த்துத்தான் பயம். நான் யோசிக்காமல் ஓடிவிடுவேன்."

"முந்தியே இவ அப்பிடித் துடியாட்டமான பிள்ளையோ?" என்று கேட்டார் டொக்டர்.

"ஓம், கொஞ்சம்" என்றேன்.

பக்கத்தில் இருந்த மகள் அதை ஒத்துக்கொண்டு தலையாட்டினாள். அவள் ஒருநாளும் துடியாட்டமாக இருந்ததில்லை. செருப்பைக்கூடச் சோடி பார்த்து வைக்கிற பிள்ளை. எனக்கு என்மேல் அருவருப்பு வந்தது.

ஆஸ்பத்திரிக் கன்ரீனில் அவளுக்கு ஒரு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்து, பாதி தின்னும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன். பஸ் எங்களுக்காக நின்றது. கையைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தோம். நடு வீதியில் என் போன் அடித்தது. சட்டைப் பையில் இருந்து அதை எடுக்க உன் கையை விட்டேன். யார் என்று பார்க்க நான் நின்றுவிட்டேன். நான் சொல்லித்தந்தபடி நீ நேரே நடந்துகொண்டிருந்தாய். பஸ்ஸை முந்திக்கொண்டு மோட்டார் சைக்கிள் வந்தது.

"அப்ப நான் ஓடேல்லையோ?"

"இல்லை. நடந்தனீ."

"போன் ஆர் எடுத்தது?"

"தண்ணி மோட்டர் திருத்துறவர்."

"என்னவாம்?"

"பிறகு கேட்டனான். கை பட்டு அழுத்துப்பட்டிட்டுதாம்."

அவள் மீதி ரோல்ஸையும் தின்றாள். கையைத் துடைத்தாள். பிறகு அழுதாள், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. நானும் அழுதேன். யாரோ எங்கள் வீட்டில் செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அன்றே தாயிடம் சொன்னாள். மனைவி அடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "மூண்டு வருசம்" என்றாள். அதற்குப் பிறகு ஒரு கிழமை என்னோடு பேச்சில்லை. பேசத் தொடங்கியபோது கேட்டவை எழுத்தில் வேண்டாம். மகள் கீழ்மாடி அன்ரிக்குச் சொன்னாள், வகுப்பு டீச்சருக்குச் சொன்னாள், இரத்மலானைக்குப் போன் எடுத்து மாமிக்கும் சொன்னாள். "நான் ஓடேல்லை. அப்பாதான் கையை விட்டவர்." நேரில் கேட்டவர்கள் எல்லாரும் உடனே என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் ஓம் என்பேன். மகள் ஒவ்வொரு தடவையும் ஒரு சொல்லும் மாறாமல் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் கோட்டில் இறங்கினாள். நான் பல்கனியில் இருந்து பார்த்தேன். மற்றக் கையை பஸ்களை நோக்கி நேராக நீட்டியிருந்தாள், பொலிஸ்காரர் மாதிரி. அவர்கள் மறுகரையில் ஏறியதும் சந்தோஷத்தில் சத்தம் போட்டுவிட்டேன்.

செவ்வாய் கூட்டிப்போவது என் முறை. நான் நேரத்தோடு சப்பாத்துப் போட்டுக்கொண்டு, "வாங்கோ பிள்ளை, நடந்து போவம்" என்றேன்.

அவள் முகத்தில் கோபம் இல்லை.

"அம்மாவோட எண்டால் நடந்து போவன்," என்றாள். "உங்களோட எண்டால் ஓட்டோ."

கீழே போய் ஒரு ஓட்டோவை மறித்தேன்.