இடக்கைக்குத் தீட்டிய கத்தி

காலை ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எங்கள் பிளாக் ராஜவேலு சைக்கிளை நிறுத்தி, "தனகோட்டி அண்ணன் தவறிட்டாருங்க. நெஞ்சு வலின்னாராம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி" என்றார். "நேத்துகூட எங்கிட்ட வெத்தலை வாங்கிப் போட்டாரே" என்று அவரோடு வாதாடினேன். வெற்றிலை போட்டவர் மறுநாள் சாகக்கூடாது என்று சட்டம் இருப்பதுபோல.

குவார்ட்டர்ஸ் கட்டிய பிறகு நெய்வேலிக்கு வந்தவர்களுக்கு அவர் மைன்ஸ் ஆள். அதற்கு முன்பே கான்ட்ராக்டில் காடு வெட்ட வந்த எங்களுக்கோ அவர்தான் கத்தி பார்த்துத் தருகிறவர். இன்று கடைத்தெரு இருக்கும் இடமெல்லாம் அப்போது முந்திரியும் முள்ளும்தான். கத்தியை அவரவரே வாங்கிவர வேண்டும். அவர் பார்க்காமல் யாரும் வாங்கமாட்டோம்.

எனக்குக் கத்தி வாங்கச் சேத்தியாத்தோப்புச் சந்தைக்குக் கூட்டிப்போனார். ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே தூக்கிக் கோணல் பார்த்தார். சுண்டி ஓசை கேட்டார். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "பொண்ணு பாக்கவே இவ்ளோ நேரம் ஆவாதுய்யா!"

"பொண்ணு பாத்தப்ப அவசரப்பட்டுட்டேன். அதான் இப்ப நிதானமா பாக்குறேன்" என்றார் தனகோட்டி. என் பக்கம் திரும்பி, "முந்திரி அடிமரம்னா ரெண்டு பக்கமும் தீட்டி வாய் தடிப்பா இருக்கணும். நீ முள்ளு வெட்டப்போற. மெல்லிசா, ஒரு பக்கம் மட்டும் தீட்டுனது போதும்" என்று ஒன்றைக் கொடுத்தார்.

மூன்றாம் பாரம்வரை படித்த எனக்குக் கத்தியைப் பற்றி என்ன தெரியும்? வாங்கிக்கொண்டேன். காட்டில் அந்தக் கத்தி முள்ளில் இறங்கவே இல்லை. ஓங்கி வெட்டினால் வழுக்கிக்கொண்டு என் முழங்காலைத் தேடி வந்தது. கூட இருந்த பெண்கள் பத்தடி தள்ளி நின்றுதான் வேலை செய்தார்கள். கடைசியில் மேஸ்திரி வந்தார். "கால வெட்டிக்கினு எங்கிட்ட வந்து அழுவ. நாளையிலேருந்து வராத."

வீட்டில் மனைவி தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். இந்த வேலையும் போனால் சோற்றுக்கு வழி இல்லை. ஒரு முந்திரி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். தனகோட்டி வந்து, "எங்க, இன்னொரு வாட்டி வெட்டு" என்றார். வெட்டினேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், நீ இடக்கையா! காட்டப் பாத்தேன், மரத்தப் பாத்தேன், ஒங் கையப் பாக்கல. இது சோத்தாங்கைக்காரனுக்கு வலப்பக்கமா தீட்டுன கத்திய்யா."

மேஸ்திரியிடம் போய், "தப்பு அவன்து இல்லைங்க, என்துங்க. நாளைக்குக் காலைல ஒரு வாட்டி பாருங்க. அப்பவும் வெட்டலன்னா நானும் அவனோட போயிடறேன்" என்றார். அன்று சாயங்காலமே காடாம்புலியூர் பட்டறைக்குப் போய், வாயில் தீட்டியிருந்த பழைய சரிவை அடித்துத் தட்டையாக்கி, மறுபக்கம் புதுச் சரிவு வைத்துக் கொண்டுவந்தார். காலையில் மேஸ்திரி முன்னால் வெட்டினேன். முள் தழையோடு சாய்ந்தது. "செரி, நின்னு வெட்டு" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி நடந்தார். நானும் தனகோட்டியும் பின்னாளில் மைன்ஸில் பர்மனென்ட் ஆனது அந்த வெட்டிலிருந்துதான்.

என் மகளுக்கும் இடக்கைதான். சோற்றில் அந்தக் கை போகும்போதெல்லாம் வீட்டில் யாராவது அடிப்பார்கள். ஒருநாள் என் மனைவி அடித்ததைத் தனகோட்டி பார்த்துவிட்டார். "ஏம்மா கொழந்தைய அடிக்கிற? ஒங்க வூட்டுக்காரன் கைய நான் மாத்தல. கத்தியத்தான் மாத்துனேன்" என்றார். அதோடு அடி நின்றது.

அவருக்குப் பாடை கட்ட என் கத்தியையும் எடுத்துப்போனேன். அவசரத்தில் அதை வாங்கிய ஒருவர் பச்சை மூங்கிலில் போட்டார். வழுக்கியது. "இன்னாங்க கத்தி இது, மண்ணுகூட வெட்டாது போலக்குது" என்று என்னிடமே நீட்டினார். ஊரில் வேறு யார் கைக்கும் பணியாத அந்தக் கத்தியால் மூங்கிலை நான்தான் வெட்டினேன். ஒரே போடில் இறங்கியது. அன்றைக்காவது அது கொஞ்சம் மழுங்கியிருக்கக்கூடாதா?

கத்தி வீட்டில் இருக்கிறது. தீட்டும்போது அவர் வைத்த சரிவு கலையாமல் பார்த்துக்கொள்கிறேன். பக்கத்திலேயே என் மகள் உட்கார்ந்து, யாருக்கும் பயப்படாமல், இடக்கையால் சிலேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.