காதோரம் கை படவில்லை

மகள் கல்யாணமாகிப் போனபின் அந்த வீட்டில் மிஞ்சியது, பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற அப்பாவும் அவள் வளர்த்த நாயும்தான். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருநாள் நாய் சோற்றைத் தொடவில்லை; ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனது. தூக்கிக்கொண்டு ஓடினார்.

"உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிச்சு ரத்தத்துல கிருமி ஏறியிருக்கு," என்றார் மருத்துவர். "காதுக்குள்ள இவ்வளவு மொய்க்குதே, தடவிக் கொடுக்கும்போது கையில படலையா?"

"வேளாவேளைக்குச் சோறு வைப்பேன். தொட்டதில்லை, டாக்டர்."

அவரையும் யாரும் தொட்டு மாதக்கணக்காகிவிட்டது.

ஊசியும் மாத்திரையும் வேலை செய்தன, நாய் பிழைத்தது. மாலைதோறும் மடியில் கிடத்தி, முடியை விலக்கி உண்ணி தேடுகிறார். இப்போது ஒன்றும் அகப்படுவதில்லை.

"இருடா, இந்தப் பக்கமும் பார்த்துடறேன்," என்கிறார்.