சாமிக்கு ஜாமீன்

அப்பாடா!

இந்த வாரம் இந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுகூடப் பார்த்தேன். பத்திரிகை ஆசிரியர் விடமாட்டார். ஆகவே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் கொல்லிமலைக்குப் போய், ஒரு சாமியை அதன் கோயிலில் திருப்பி ஒப்படைத்துவிட்டு வந்தேன். கிட்டத்தட்ட ஒரு வருஷமாக அந்தச் சாமிக்கு நான்தான் ஜாமீன்!

சிரிக்காதீர்கள். மனிதர்களுக்கு ஜாமீன் நின்று மாட்டிக்கொண்டவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். சாமிக்கு நின்றவனை எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

எல்லாம் என் நண்பர் தாமோதரனால் வந்தது. பட்டணத்தில் ஒரு காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறார். இரும்பு என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், கல்லைத் தேய்த்து ஆயுதம் செய்துகொண்டு கொல்லிமலையில் ஜனங்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. அவருடைய புரொபசரோ, "அத்தாட்சி எங்கே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்களாம்.

போன மாசியில் அத்தாட்சி தேடிக் கிளம்பினார் மனிதர். துணைக்கு நான். சேந்தமங்கலம் வரை பஸ், காரவள்ளி வரை மாட்டு வண்டி, அப்புறம் மூச்சிரைக்க மூச்சிரைக்க மலையேற்றம். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து இருவரும் கொயினா மாத்திரையைப் பொரிகடலை மாதிரி தின்றோம்.

சோளக்காடு என்ற ஊருக்கு அப்பால் இன்னொரு சின்ன ஊரில் தங்கி, கண்ட இடமெல்லாம் தோண்டினோம். வேரும் மண்புழுவும்தான் கிடைத்தன. சரி, புறப்படலாம் என்று மூட்டை கட்டினோம். போகிற போக்கில் ஊர்க் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாமே என்றேன்.

கோயில் என்றால் கோபுரம் கீபுரம் ஒன்றும் கிடையாது. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியிருந்தார்கள். உள்ளே எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் அப்பிய கறுப்புக் கற்கள், ஒரு குவியலாக. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் கூர்மை. எனக்காகக் கும்பிடப் போன தாமோதரனின் கை அந்தரத்தில் நின்றது.

"சார்... இது அத்தனையும் கோடாலி!"

ஊர்க்கவுண்டரைக் கேட்டோம். "சாமைக் காடு கொத்தறப்ப கெடைக்குமுங்க. இடி விழுந்த எடத்துல மண்ணுக்குள்ள எறங்கற சாமி. ஊட்டுல வெக்கக் கூடாதுங்க. இங்க கொண்டாந்து சேத்திப்போடோணும்" என்றார்.

"ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டு போகட்டுமா?"

"என்னையக் கேட்டா எப்படீங்க? கெடாயக் கேளுங்க."

சாமிக்கென்று விட்ட ஆட்டுக்கிடாய் ஒன்று அங்கே உண்டு. அதன்மேல் தண்ணீர் தெளித்துவிட்டுக் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதென்று அர்த்தம். துளுக்குவது என்று அதற்குப் பெயர்.

தெளித்தார்கள். தாமோதரன் கேட்டார். கிடாய் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அசை போட்டது. மறுபடி தெளித்தார்கள். ஊஹூம்...

கவுண்டரின் தங்கை வெள்ளையம்மாதான் வழி சொன்னாள். "எடுத்துக்கிட்டுப் போறேன்னா எந்தச் சாமிதான் ஒத்துக்கும்? விருந்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டுத் திருப்பிக் கொண்டாந்து உடறேன்னு கேளுங்க, சாமி."

கடைசிச் 'சாமி' தாமோதரன். அந்தப் பக்கத்தில் மனிதரையும் அப்படித்தான் பிரியமாகக் கூப்பிடுகிறார்கள்.

அப்படியே கேட்டார். கிடாய் துளுக்கிவிட்டது!

"சித்திரை நோம்பிக்குள்ள சாமி வந்து சேரோணுமுங்க. வராட்டி நோம்பி சாட்ட முடியாது. யாரு பொறுப்பு?" என்றார் கவுண்டர். நோம்பி சாட்டுவது என்றால் திருவிழாவை அறிவிப்பது. தாமோதரன் என்னைக் கை காட்டினார். நானும் தலையை ஆட்டிவைத்தேன். இந்தத் தலைக்கு ஆட்டத்தானே தெரியும்?

பட்டணத்தில் புரொபசர், "எண்ணெய்ப் பிசுக்கில் என்ன ஐயா தெரிகிறது?" என்று உதட்டைப் பிதுக்கினார். தாமோதரன் சோப்பும் பிரஷ்ஷும் கொண்டு தேய்தேய் என்று தேய்த்தார். பிசுக்கெல்லாம் போனதும், பச்சை ஓடிய வழுவழுப்பான கல் ஒன்று வெளியே வந்தது. புரொபசர் அதன் கூரில் விரலை ஓட்டிப் பார்த்தார். அப்புறம் தாமோதரன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கூடவே பட்டணம் வரை போயிருந்த நானும் வாங்கிப் பார்த்தேன். பேரும் ஊரும் பாஷையும் தெரியாத எவனோ ஒருவன் உட்கார்ந்து பொறுமையாகத் தேய்த்த விளிம்பு, இன்றைக்கும் என் விரலை உறுத்துகிறது! சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

வந்த வேலை முடிந்தது, கிளம்பு என்று கல்லை அனுப்பினார்களா? காலேஜில் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து லேபிள் ஒட்டிவிட்டார்கள். "இங்கேயே இருக்கட்டுமே" என்றார்கள். சித்திரை போயிற்று. ஆடி போயிற்று. எங்கள் ஊர்ச் சந்தைக்கு வரும் சேந்தமங்கலத்து மிளகு வியாபாரி ராவுத்தர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மலையில இன்னும் நோம்பி சாட்டலீங்க. உங்களைத்தான் கேக்கறாங்க" என்பார். எனக்குச் சோறு இறங்காது.

நான் பட்டணத்துக்கே போய்த் தாமோதரனைப் பிடித்து உலுக்கினேன். அவர் புரொபசரிடம் போய், "இது நான் விருந்துக்கு அழைத்து வந்த சாமி, சார். கொண்டு விட வேண்டும்" என்று நின்றுவிட்டார். கடைசியில் சுண்ணச் சாந்தில் ஒரு அச்சு எடுத்துக்கொண்டு கல்லைக் கொடுத்தார்கள்.

போன வாரம் மலையேறினோம். ஊரே கூடிவிட்டது. தாமோதரன் பட்டுத் துண்டைப் பிரித்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏனுங்க... இது எங்க சாமி இல்லீங்களே!" என்றாள் வெள்ளையம்மா.

தாமோதரன் கல்லைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"எங்க சாமி கறுப்புங்க. இது பச்சையா இருக்குது. இது எந்தூருச் சாமி?"

"இல்லை அம்மா, அதேதான்! கொஞ்சம் சோப்புப் போட்டு..."

"சாமிக்குச் சோப்பா?"

கூட்டத்தில் முணுமுணுப்பு. இது கோடாலிதான் என்று பட்டணத்தில் நிரூபித்தவர், இது சாமிதான் என்று மலையில் நிரூபிக்க வழி தெரியாமல் வேர்த்து நின்றார். வெள்ளையம்மா எண்ணெய் ஊற்றிப் பார்த்தாள். கல் கொஞ்சம் கறுத்தது. சந்தேகம் போகவில்லை. இவர்களுடைய சாமியைத் தொலைத்த பாவம் என் தலையில்தானே விடியும்?

"கெடாயக் கொண்டாங்கப்பா" என்றார் கவுண்டர்.

அதே கிடாய்! நோம்பி நடக்காததால் வெட்டுப்படாமல் தின்று கொழுத்திருந்தது. சரித்திர ஆராய்ச்சியால் ஆயுசு நீண்ட ஜீவன் உலகத்திலேயே அது ஒன்றுதான். துளுக்கினால் நோம்பி. நோம்பி என்றால் அதன் கதை முடிந்தது. அது எதற்காகத் துளுக்கப் போகிறது?

தெளித்தார்கள். நின்றது. மறுபடி தெளித்தார்கள். நின்றது. தாமோதரன் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார் — கோயில் பக்கமே போகாத மனிதர்! கவுண்டர் செம்போடு அப்படியே கவிழ்த்தார்.

கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஒரு உதறல். எங்கள் முகமெல்லாம் தண்ணீர்.

குலவை கிளம்பியது. "நம்ம சாமியேதாங்க! பட்டணத்துக்குப் போயி எளச்சு வந்திருக்குது, அவ்வளவுதான்" என்றார் கவுண்டர். வெள்ளையம்மா ஒரு கை மஞ்சளை அள்ளிச் சாமிமேல் அப்பினாள். தாமோதரன் என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டார். நோம்பி சாட்டும் பறை காரவள்ளி இறக்கம் வரைக்கும் எங்கள் காதில் கேட்டுக்கொண்டே வந்தது. என் தோளிலிருந்து ஒரு மலையே இறங்கினாற்போல இருந்தது.

"அந்தக் கிடாய்க்கு எப்படி சார் தெரிந்தது?" என்று தாமோதரன் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். நான் துண்டை இழுத்து இறுக்கிப் போர்த்திக்கொண்டேன்.

மார்கழி மாசம், கொல்லிமலைக் காற்று, ஒரு செம்பு பச்சைத் தண்ணீர்... என் தலையில் கவிழ்த்திருந்தால் நானும்தான் துளுக்கியிருப்பேன்!